கருத்துப் பெட்டியில் கொட்டும் குப்பை: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாம் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்தவை. முன்னாள் மாணவர் சங்கம், கோயில், வட்டாரச் செய்தி என்று சொந்தமாக அகப்பக்கம் நடத்துபவர்கள் எழுதியிருக்கிறார்கள். அநேகமாக எல்லாருமே வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளைப் பயன்படுத்துவதால் படிகளையும் அதை வைத்தே சொல்லியிருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஓர் அகப்பக்கம் உண்டு. பழைய தோட்டப் படங்கள், ஆசிரியர்களைப் பற்றிய கட்டுரைகள், கூட்ட அறிவிப்புகள், அவ்வளவுதான். எங்கள் ஆட்களே எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் தினமும் ஆங்கிலத்திலும் ரஷ்ய எழுத்திலும் "அருமையான பதிவு" என்று நூற்றுக்கணக்கில் கருத்துகள் விழுகின்றன. எங்களைப் போய் யார் தேடி வருகிறார்கள்?

பதில்: யாரும் தேடி வரவில்லை. வருவது நிரல், அதாவது தானாக ஓடும் கணினிப் புரோகிராம். வேர்ட்பிரஸ் தளங்கள் எல்லாவற்றிலும் கருத்தை வாங்கிக்கொள்ளும் கோப்புக்கு ஒரே பெயர்தான். அந்த நிரல் உங்கள் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் அந்தக் கோப்புக்கு நேராக எழுதிவிட்டு அடுத்த தளத்துக்குப் போய்விடும். உங்களுக்குப் பத்து வாசகரா பத்தாயிரம் வாசகரா என்பதில் அதற்கு அக்கறை இல்லை. சூதாட்டத் தளத்துக்கோ மாத்திரை விற்கும் தளத்துக்கோ ஊரெல்லாம் சுட்டி (இணைப்பு) விதைத்தால் கூகுள் தேடலில் மேலே வரலாம் என்பது அதை ஏவியவரின் கணக்கு. இதை முறியடிக்க 2005 ஜனவரியில் கூகுள் 'நோஃபாலோ' என்ற குறிப்பைக் கொண்டுவந்தது. அந்தக் குறிப்புள்ள சுட்டிக்குத் தேடலில் மதிப்பில்லை என்று அப்போது அறிவித்தார்கள். வேர்ட்பிரஸும் கருத்துகளில் வரும் சுட்டிகளுக்கு அதைத் தானாகச் சேர்க்கிறது. ஆனாலும் ஸ்பேம் எனப்படும் இந்தக் குப்பைக் கருத்துகள் குறையவில்லை. எழுத ஒரு காசும் செலவாகாதபோது, பலன் உண்டா என்று பார்த்துத்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

வடிகட்டி வாங்கிப் போடுவதற்கு முன், தேவையில்லாத வாசல்களைச் சாத்துங்கள். 'செட்டிங்ஸ்' பகுதியில் 'டிஸ்கஷன்' பக்கத்தைத் திறந்தால், பழைய பதிவுகளுக்குக் கருத்தைத் தானாக மூடும் ஒரு கட்டம் இருக்கும். அதில் 14 நாள் என்று போட்டிருக்கும். செய்தித் தளத்துக்கு அது நல்லது. உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம். பழைய வகுப்புப் படத்தில் நிற்பவரின் பேத்தி, பதிவு வந்து ஐந்தாறு வருடம் கழித்து வந்து "இது என் தாத்தா" என்று எழுதுவார். உங்கள் தளம் இருப்பதே அந்த ஒரு வரிக்காகத்தான். இந்தக் கட்டத்துக்கோ விதிவிலக்குச் சொல்லத் தெரியாது, எல்லாப் பதிவையும் ஒன்றாக மூடிவிடும். அதனால் கையாலேயே மூடுங்கள். 'போஸ்ட்ஸ்' பட்டியலில் கூட்ட அறிவிப்புகளையும் நிகழ்ச்சி அழைப்புகளையும் மட்டும் தேர்ந்தெடுத்து, மேலே 'பல்க் ஆக்ஷன்ஸ்' என்பதில் 'எடிட்' கொடுத்து, கருத்து, பிங் (வேறு தளம் உங்கள் பதிவைச் சுட்டியதாக வரும் அறிவிப்பு) இரண்டையும் அனுமதிக்காதே என்று மாற்றிச் சேமியுங்கள். படங்களும் நினைவுக் கட்டுரைகளும் திறந்தே இருக்கட்டும்.

பலர் ஏமாறும் இடங்கள் இரண்டு. டிஸ்கஷன் பக்கத்தின் தலைப்பில் உள்ள 'கருத்தை அனுமதி' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, இன்னும் வருகிறதே என்று குழம்புவார்கள். அந்தக் கட்டம் இனி எழுதப்போகும் பதிவுகளுக்குத்தான். ஏற்கெனவே உள்ளவற்றை அது தொடாது. அடுத்தது, தானாக மூடும் வசதி 'போஸ்ட்' வகையை மட்டுமே மூடும் என்பது. 'எங்களைப் பற்றி' போன்ற நிலையான பக்கங்களும், பழைய தளங்களில் ஒவ்வொரு படத்துக்கும் வேர்ட்பிரஸ் தானாக உண்டாக்கிய தனிப் பக்கங்களும் திறந்தே கிடக்கும். படம் நிறைந்த பழைய தளங்களில் ஸ்பேம் முக்கால்வாசி அந்தப் படப் பக்கங்களில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். கருத்துப் பட்டியலில் வலப்பக்கம், எந்தப் பதிவுக்கு வந்தது என்று காட்டும். அங்கே படத்தின் பெயர் தெரிந்தால் ஓட்டை அங்கேதான்.

வாசல்களைச் சாத்தியாகிவிட்டதா? இனி அதே டிஸ்கஷன் பக்கத்தில், முன்பு ஒரு கருத்தாவது அனுமதிக்கப்பட்டவர் மட்டும் நேரடியாக எழுதலாம் என்ற கட்டத்தை இடுங்கள். புதியவரின் முதல் கருத்து உங்கள் பார்வைக்கு வந்துதான் வெளியாகும். இத்தனை சுட்டி இருந்தால் கருத்தை நிறுத்திவை என்ற இடத்தில் 2 என்று இருப்பதை 1 ஆக்குங்கள். கருத்துப் படிவத்தில் பெயர், மின்னஞ்சலுக்குக் கீழே 'இணையத்தளம்' என்று ஒரு கட்டம் இருக்கும், அதைத் தூக்கிவிடுங்கள். அமைப்புகளில் அதற்குப் பொத்தான் இல்லை. சின்ன பிளகின் (துணை மென்பொருள்) ஒன்றோ, தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமில் நாலு வரியோ போதும். "நன்றி, நல்ல பதிவு" என்று அப்பாவியாக எழுதிவிட்டு, இந்தக் கட்டத்தில் சூதாட்ட முகவரியைச் செருகி, அனுமதியும் வாங்கிக்கொள்வது பழைய தந்திரம்.

கேள்வி: கருத்து எழுதுமுன் 'பஸ் படத்தைத் தேர்ந்தெடு' என்று கேட்கும் சோதனையைப் போட்டோம். ஸ்பேம் குறைந்தது. கூடவே எங்கள் வாசகர்களும் குறைந்துவிட்டார்கள். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. ஐந்து அங்குலத் திரையில் மூக்குக்கண்ணாடியோடு பஸ்ஸையும் சமிக்ஞை விளக்கையும் தேடச் சொன்னால் எழுபது வயது வாசகர் போய்விடத்தான் செய்வார். அந்தச் சோதனையைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொறிக் கட்டம் வையுங்கள். படிவத்தில் மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம். மனிதர் அதை நிரப்ப மாட்டார், நிரல் எல்லாக் கட்டத்தையும் நிரப்பும். நிரம்பி வந்தால் ஸ்பேம். கேட்கச் சுலபம், செய்யும்போது மூன்று விஷயம் தவறும். 'மறைவு' வகைக் கட்டமாக வைத்தால் நிரல்கள் அதைத் தாண்டிப் போகப் பழகிவிட்டன. சாதாரணக் கட்டமாகவே வைத்து, பக்க அலங்கார விதியால் திரைக்கு வெளியே தள்ளுங்கள். அதற்கு 'மின்னஞ்சல்', 'தொலைபேசி' போன்ற பெயர் வைக்காதீர்கள். வாசகரின் உலாவி தானாக நிரப்பிவிடும், நல்லவர்தான் மாட்டுவார். அர்த்தமில்லாத பெயராக இருக்கட்டும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அந்தக் கட்டத்தை வாசிக்காதபடியும், டேப் விசையை அழுத்தினால் அங்கே போய் நிற்காதபடியும் குறித்துவிட வேண்டும்.

இத்தோடு நேரச் சோதனை: பக்கம் திறந்து மூன்று விநாடிக்குள் வந்த கருத்தை மனிதர் எழுதியிருக்க முடியாது. இங்கே தொல்லை தருவது கேஷ். பக்கத்தை வேகமாக்க கேஷ் பிளகின் போட்டிருந்தால், எல்லாருக்கும் ஒரே பழைய நகல்தான் போகும். அதில் பொதிந்த நேரமுத்திரையும் நேற்றையதாக இருக்கும். படிவம் உண்மையானதா என்று பார்க்க அதனுள் வைக்கும் வேர்ட்பிரஸின் ரகசிய முத்திரை அதிகபட்சம் 24 மணி நேரம்தான் செல்லும். காலையில் சரியாக வேலை செய்து மறுநாள் எல்லாரையும் விரட்டும் தளத்தில் இதுதான் கோளாறு. கேஷின் ஆயுளைப் பத்து மணி நேரத்துக்குக் கீழே வையுங்கள், அல்லது நேரமுத்திரையைப் பக்கம் திறந்தபின் தனியாக வரவழையுங்கள்.

இவற்றையும் மீறி வந்தால் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் டர்ன்ஸ்டைல் என்ற சோதனையைப் போடலாம். அது 2022இல் வந்தது, பெரும்பாலும் படம் காட்டாது. கூகுளின் ரீகேப்ட்சா மூன்றாம் பதிப்பும் படம் காட்டாமல் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண் தரும், 0.5க்குக் கீழே உள்ளதைத் தடுப்பது வழக்கம். எதைப் போட்டாலும், பக்கத்தில் கட்டத்தைக் காட்டுவதோடு வேலை முடியாது. சோதனையில் தேறியதற்கு அடையாளமாக வாசகரின் உலாவி அனுப்பும் முத்திரையை உங்கள் சர்வர் அந்த நிறுவனத்திடம் திருப்பிக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். அந்தப் பாதி வேலையை விட்டுவிட்ட தளங்கள் நிறைய. நிரல்தான் பக்கத்தையே திறப்பதில்லையே, பக்கத்தில் காட்டிய கட்டம் அதை எப்படித் தடுக்கும்? இன்னொன்று, ரீகேப்ட்சா முத்திரைக்கு ஆயுள் 2 நிமிடம், டர்ன்ஸ்டைலுக்கு 5 நிமிடம். பாட்டி ஒருவர் தன் பால்மரம் வெட்டிய காலத்தை நிதானமாக எழுதி முடிப்பதற்குள் அது காலாவதியாகிவிடும். அனுப்பும் பொத்தானை அழுத்தும் நேரத்தில் முத்திரை வாங்கும்படி அமையுங்கள்.

கேள்வி: ஸ்பேமை வடிகட்டும் அக்கிஸ்மெட் பிளகின் இலவசமா? போட்டபின் நல்ல கருத்துகளும் காணாமல் போகின்றன.

பதில்: தனிப்பட்ட, வணிகமில்லாத தளத்துக்கு மட்டும் இலவசம். விளம்பரம் போட்டாலோ ஏதாவது விற்றாலோ கட்டணத் திட்டம்தான். காணாமல் போனவை பெரும்பாலும் ஸ்பேம் உறையில் கிடக்கும். 15 நாளில் அது தானாக அழிந்துவிடும், ஆகையால் வாரம் இரு முறையாவது அங்கே எட்டிப் பாருங்கள். ஆங்கிலமும் மலாயும் தமிழும் கலந்த இரண்டு வரி, கூடவே ஒரு சுட்டி என்றால் அது தவறிப் போக வாய்ப்பு அதிகம். கண்டால் 'ஸ்பேம் அல்ல' என்று அழுத்துங்கள். அதேபோல, தப்பி வந்த ஸ்பேமை 'ட்ராஷ்' செய்யாமல் 'ஸ்பேம்' என்றே குறியுங்கள். இந்த இரண்டு பொத்தான்கள் வழியாகத்தான் அதற்குச் செய்தி போகும், ட்ராஷ் செய்தால் அது எதையும் கற்றுக்கொள்ளாது. வாசகரின் ஐபி முகவரியும் கருத்தும் வெளி சர்வருக்குப் போகின்றன என்பதைப் படிவத்தின் கீழே ஒரு வரியில் சொல்லிவிடுவது நாகரிகம்.

கேள்வி: தமிழில் வரும் ஸ்பேமுக்குத் தடைச்சொல் பட்டியல் போட்டோம். பிடிக்க வேண்டியதை விட்டுவிட்டு, பிடிக்கக் கூடாததைப் பிடிக்கிறது. ஏன்?

பதில்: டிஸ்கஷன் பக்கத்தின் கடைசியில் இரண்டு பெட்டிகள் உண்டு. ஒன்றில் உள்ள சொல் வந்தால் கருத்து உங்கள் அனுமதிக்குக் காத்திருக்கும். மற்றதில் உள்ள சொல் வந்தால் நேரே குப்பைக்குப் போகும். இரண்டிலுமே சொல்லை முழுச் சொல்லாகப் பார்ப்பதில்லை, எழுத்துத் தொடராகவே தேடும். எழுதியவரின் பெயர், மின்னஞ்சல், ஐபி முகவரி வரை எல்லாவற்றிலும் தேடும்.

தமிழில் இதன் விளைவைப் பாருங்கள். கள்ளுக்கடைச் சண்டை ஒன்று கருத்துப் பெட்டிக்குள் வந்துவிட்டது என்று யாராவது 'கள்' என்ற சொல்லைத் தடை செய்தால், தோட்டங்கள், மக்கள், நீங்கள், எங்கள் எல்லாமே குப்பைக்குப் போகும். தமிழில் பன்மை எழுதுபவர் தப்புவது கடினம். 'சீட்டு' என்று போட்டால் மதிப்பெண் சீட்டு பற்றிக் கேட்ட பெற்றோர் மாட்டுவார். மறுபக்கம், 'கடன்' என்று போட்டால் 'கடனுக்கு', 'கடனை' இரண்டும் தப்பிவிடும். கணினிக்கு 'ன்' என்பது ன, புள்ளி என்ற இரண்டு குறியீடு. 'னு' என்றால் புள்ளி இருந்த இடத்தில் உகரக் குறி வந்துவிடுகிறது, தொடர் பொருந்தாது. ஆகவே வேற்றுமை உருபு ஏறும் சொற்களைக் கடைசிப் புள்ளி இல்லாமல் 'கடன', 'லோன' என்று இடுங்கள். எல்லா உருவிலும் பொருந்தும்.

அடுத்த சிக்கல் கண்ணுக்குத் தெரியாது. 'லோன்' என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் வரும் இரட்டைக்கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு இரண்டும் வேறு. ஒகரத்திலும் ஔகாரத்திலும் இதே கதை. யூனிகோடில் இதை ஒருமைப்படுத்த 'என்எஃப்சி' என்ற முறை இருக்கிறது. கருத்து பெட்டிக்குள் வந்ததும் அதன்படி மாற்றிவிட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும். அதைச் செய்ய ஆள் இல்லாவிட்டால் இரு வடிவத்தையும் பட்டியலில் இடுங்கள். இரண்டாவது வடிவம் வேண்டுமானால் தப்பிவந்த கருத்திலிருந்தே நகலெடுத்துக்கொள்ளலாம். காலுக்குப் பதில் ரகரத்தை அடிப்பவர்களும் இருக்கிறார்கள். எழுத்துகளுக்கு நடுவே அகலமே இல்லாத வெற்றுக் குறியைச் செருகுவது வேண்டுமென்றே செய்வது. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவோரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ஒரு சொல்லுக்கு ஏழெட்டு எழுத்துக்கூட்டு.

எங்கள் கருத்து இதுதான்: குப்பைப் பெட்டியில் தமிழ்ச் சொல்லே போடாதீர்கள். உங்களுக்கு வரும் சூதாட்டத் தளங்களின் முழு முகவரிகள், திரும்பத் திரும்ப வரும் வாட்ஸ்அப் எண்கள், இவற்றை மட்டும் அதில் வையுங்கள். தமிழ்ச் சொற்கள் காத்திருப்புப் பெட்டியில் இருக்கட்டும், தவறாகப் பிடித்தாலும் நஷ்டமில்லை. அந்தப் பெட்டிக்கு ஒரு நல்ல வேலையும் உண்டு. தோட்ட இழப்பீடு, குடியுரிமை போன்ற செய்திகளுக்குக் கீழே வாசகர்கள் தங்கள் அடையாள அட்டை எண்ணையே எழுதிவிடுகிறார்கள். மை கார்டு எண்ணில் பிறந்த தேதிக்குப் பின் வரும் இரண்டு இலக்கம் பிறந்த மாநிலத்தைக் குறிக்கும். பேராக் என்றால் பெரும்பாலும் 08. காத்திருப்புப் பெட்டியில் '-08-' என்று ஒரு வரி போட்டுவிட்டால் பேராக்கில் பிறந்தவர் கோடிட்டு எழுதிய எண் அங்கேயே நிற்கும். ஆகஸ்ட் மாதத் தேதிகள் சிலவும் கூடவே நிற்கும், பரவாயில்லை.

கேள்வி: தொல்லை தந்த ஒருவரின் ஐபி முகவரியைத் தடுத்தோம். மறுநாள் எங்கள் தாமானில் பலராலும் எழுத முடியவில்லை. அந்த ஆசாமி மட்டும் எழுதுகிறார்!

பதில்: கைத்தொலைபேசி நிறுவனங்கள் பல சந்தாதாரர்களை ஒரே பொது ஐபி முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. நீங்கள் தடுத்தது ஓர் ஆளை அல்ல, அந்த நேரத்தில் அந்த முகவரியைப் பகிர்ந்த எல்லாரையும். அவர் விமானப் பயன்முறையை ஒருமுறை போட்டு எடுத்தால் போதும், பெரும்பாலும் வேறு முகவரி கிடைத்துவிடும்.

தளம், வாசகருக்கும் சர்வருக்கும் நடுவே நிற்கும் கிளவுட்ஃப்ளேர் சேவைக்குப் பின்னால் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சரியாக அமைக்காவிட்டால் உங்கள் பட்டியலில் தெரிவது வாசகரின் முகவரியே அல்ல, கிளவுட்ஃப்ளேரின் முகவரி. அதைத் தடுத்தால் கடையையே மூடிய மாதிரி. இதற்கு ஓர் அடையாளம் உண்டு. ஒரே முகவரியிலிருந்து 15 விநாடிக்குள் இரண்டு கருத்து வந்தால் வேர்ட்பிரஸ் இரண்டாவதைத் தடுத்து, வேகமாக எழுதுகிறீர்கள், மெதுவாக என்று சொல்லும். தைப்பூசத்தன்று வாழ்த்து எழுதும் பலருக்கும் அந்தச் செய்தி வந்தால், எல்லாரும் ஒரே முகவரியாகத் தெரிகிறார்கள் என்று பொருள். வாசகரின் அசல் முகவரியை கிளவுட்ஃப்ளேர் தனித் தலைப்பில் அனுப்புகிறது, அதைப் படிக்கும்படி சர்வரை மாற்றச் சொல்லுங்கள்.

ஒரு மனிதரை நிறுத்த ஐபி உதவாது. அவர் பெயரையும் மின்னஞ்சலையும் காத்திருப்புப் பெட்டியில் போடுங்கள். மின்னஞ்சலை மாற்றிக்கொண்டு வந்தால் அவர் புதியவர், முதல் கருத்து எப்படியும் உங்களிடம்தான் வரும்.

கேள்வி: "பிளாக்லிஸ்ட் ஆனாலும் அரை மணியில் லோன்" என்று நல்ல தமிழிலேயே எழுதுகிறார்கள். இது நிரல் மாதிரி தெரியவில்லை. எங்கள் வாசகி ஒருவர் 'புரோசசிங்' பணம் 300 ரிங்கிட் கட்டிவிட்டார்.

பதில்: முதலில் அந்த வாசகி. பணம் போய்ச் சில மணி நேரமே ஆகியிருந்தால் உடனே 997க்கு அழைக்கச் சொல்லுங்கள். அது தேசிய மோசடி நடவடிக்கை மையம், 2022இல் தொடங்கப்பட்டது. வங்கிகளோடு சேர்ந்து பணத்தை நடுவழியில் மறிக்க முயல்வார்கள், ஆனால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் அழைக்க வேண்டும். பிறகு போலீஸ் புகார். பணம் கட்டச் சொன்ன கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானின் 'செமாக் மியூல்' தளத்தில் போட்டுப் பார்க்கலாம். அங்கே பெயர் வராவிட்டால் நல்லவர் என்று அர்த்தமில்லை, இன்னும் யாரும் புகார் செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

விளம்பரத்தைப் பார்த்ததும் அழிக்காதீர்கள். கருத்து, தேதி, நேரம், ஐபி, எண் எல்லாம் தெரியும்படி திரையைப் படம் பிடித்துவைத்துவிட்டுப் பிறகு நீக்குங்கள். வேர்ட்பிரஸ் குப்பைத்தொட்டி 30 நாளில் தானாகக் காலியாகும், போலீஸ் கேட்கும்போது இருக்காது.

இவர்கள் மனிதர்கள் என்பதால் பொறிக் கட்டமும் நேரச் சோதனையும் இவர்களைப் பிடிக்காது. முதல் கருத்தைக் காத்திருக்க வைப்பதுதான் பிடிக்கும். சிலர் அதையும் அறிந்து, முதலில் ஓர் இரங்கல் செய்திக்குக் கீழே "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு, மறுநாள் விளம்பரத்தோடு வருவார்கள். எண்ணை இடைவெளி விட்டும், பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' போட்டும் எழுதுவார்கள். 'வாட்ஸ்அப்' என்ற சொல்லையும் அதன் சுருக்க முகவரியையும் காத்திருப்புப் பெட்டியில் போட்டுவிடுங்கள், எண்ணை எப்படி எழுதினாலும் அந்தச் சொல்லை அவர்கள் பெரும்பாலும் விடமாட்டார்கள்.

உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரரின் விளம்பரத்தை விடலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கருத்துப் பெட்டியில் யாருடைய கடன் விளம்பரத்தையும் விடாதீர்கள். உரிமம் உண்டா என்று சோதிப்பது உங்கள் வேலையல்ல. வாசகருக்கு வேண்டுமானால் இதை ஒரு பதிவாகவே போடுங்கள்: 1951ஆம் ஆண்டு வட்டிக்கடைச் சட்டப்படி, அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு, அடமானத்தோடு 12 விழுக்காடு என்பதே உச்சம். மாதம் 10 விழுக்காடு கேட்பவர் யார் என்று பிறகு சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் கோயில் அகப்பக்கத்தில் திருவிழாக் கணக்கு பற்றிச் சண்டை. பொருளாளரைப் பெயர் சொல்லித் திருடன் என்று எழுதினார்கள். நீக்கினோம். உண்மையை மறைக்கிறோம் என்று இப்போது எங்களைத் திட்டுகிறார்கள். நீக்கியது சரியா? விட்டிருந்தால் பொறுப்பு யாருக்கு?

பதில்: நீக்கியது சரி. நீக்கிய விதத்தில் குறை இருக்கலாம்.

பொறுப்பு எழுதியவருக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவு வேறு விதமாகச் சொல்கிறது. உரிமையாளர், நிர்வாகி, ஆசிரியர் என்று யாருடைய பெயரோ படமோ தளத்தில் இருக்கிறதோ, அவரே அதை வெளியிட்டார் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. 2021 பிப்ரவரி 19ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் மலேசியாகினி செய்தித் தளத்துக்கு 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது வாசகர்கள் எழுதிய ஐந்து கருத்துகளுக்காக. அது நீதிமன்ற அவமதிப்பு வழக்கு, உங்கள் விவகாரம் அவதூறு. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. போலீஸ் தொடர்பு கொண்டதும் அந்த நிறுவனம் கருத்துகளை நீக்கியிருந்தது. தடைச்சொல் வடிகட்டியும், வாசகர் புகார் செய்யும் வசதியும் அதனிடம் இருந்தன. அவை போதாது என்று ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் முடிவு செய்தார்கள். மாறுபட்டவர் நீதிபதி நளினி பத்மநாதன் ஒருவரே. வடிகட்டி வைத்தாயிற்று, புகார் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது எவ்வளவு பலவீனமான நிலை என்பது இதிலிருந்து தெரியும்.

எழுதுபவருக்கும் ஆபத்து குறைவல்ல. தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் இணையச் சேவையைத் தவறாகப் பயன்படுத்துவது பற்றிய 233ஆம் பிரிவுக்கான உச்சத் தண்டனை 2025 பிப்ரவரி 11 முதல் கூடியிருக்கிறது. அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 லட்சம், சிறை ஓராண்டிலிருந்து ஈராண்டு.

செய்ய வேண்டியது: கணக்கு, தேர்தல், நிலம் பற்றிய பதிவுகள் வெளிவரும் வாரத்தில் எல்லாக் கருத்துகளும் அனுமதிக்குக் காத்திருக்கும்படி மாற்றுங்கள். படிக்க ஆள் இல்லையென்றால் அந்தப் பதிவுக்குக் கருத்தே வேண்டாம். இரவு பத்து மணிக்குத் திறந்துவிட்டு விடியற்காலை வேலைக்குப் போகிறவர், மாலை வந்து பார்ப்பதற்குள் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பியிருப்பார்கள். இருவர் பொறுப்பேற்கட்டும், அவர்களில் ஒருவராவது கோயில் நிர்வாகத்தில் இல்லாதவராக இருக்கட்டும். பொருளாளரே தன்னைப் பற்றிய கருத்தை நீக்கினால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் எடுபடாது.

எதை விடுவது என்பதற்கு எளிய கோடு ஒன்று போடலாம். "திருவிழா முடிந்து மூன்று மாதமாகியும் கணக்கு ஏன் ஒட்டவில்லை?" என்பது கேள்வி, அதை விடுங்கள், எவ்வளவு காரமாக இருந்தாலும். "அவர் தின்றுவிட்டார்" என்பது குற்றச்சாட்டு, நிறுத்துங்கள், எவ்வளவு பணிவாக எழுதியிருந்தாலும். பெயர் சொல்லாமல் "மூன்றாவது லைனில் புதுக் கார் வாங்கியவர்" என்று எழுதினாலும் ஊருக்குத் தெரியும், அதுவும் பெயர் சொன்னதுதான். ஆதாரம் வைத்திருப்பவர் போக வேண்டிய இடம் கருத்துப் பெட்டி அல்ல. ஆலயம் சங்கமாகப் பதிவு பெற்றிருந்தால் சங்கங்களின் பதிவிலாகாவில் புகார் கொடுக்கலாம், பணம் காணாமல் போயிருந்தால் போலீசில் கொடுக்கலாம். நீக்கும்போது அந்த வழியையும் சொல்லி நீக்குங்கள்.

மறைக்கிறீர்கள் என்ற பேச்சு வந்தது, நீக்கியது தடமில்லாமல் நடந்ததால்தான். கருத்தை வெளியிட்ட பிறகு நீக்க நேர்ந்தால் அந்த இடத்தில் ஒரு வரி விடுங்கள்: "தனிநபர்மீது ஆதாரமில்லாத குற்றச்சாட்டு, எங்கள் கருத்து விதியின்படி நீக்கப்பட்டது. கேள்வியாக எழுதினால் வெளியிடுவோம்." எழுதியவருக்கு மின்னஞ்சலும் அனுப்புங்கள். ஒரு நோட்டில் தேதி, யார் நீக்கியது, எந்த விதி என்று மூன்று கட்டம் போட்டு எழுதிவையுங்கள். வாசகரின் வரிகளுக்குள் புகுந்து திருத்துவதை மட்டும் தவிருங்கள். சுருக்கினால் அர்த்தம் மாறும், அர்த்தம் மாறினால் அது உங்கள் வாக்கியம். வக்கீல் கடிதம் வந்துவிட்டால் எதையும் அழிக்காமல், கருத்தை மட்டும் மறைத்துவிட்டு, வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: முகநூல் பக்கத்தில் ஒரு கருத்தை மறைத்தோம். எழுதியவரோ "இன்னும் இருக்கிறதே" என்று சிரிக்கிறார்.

பதில்: முகநூலில் 'மறை' என்றால் எழுதியவருக்கும் அவர் நண்பர்களுக்கும் அது தெரியும், மற்றவர்களுக்குத்தான் மறையும். சின்ன ஊரில் எல்லாரும் அவருக்கு நண்பர்கள்! சும்மா வம்புக்கு எழுதுபவருக்கு மறைப்பது போதும், தான் மறைக்கப்பட்டது தெரியாமல் அவர் ஓய்ந்துவிடுவார். பெயர் சொல்லும் குற்றச்சாட்டையும் அடையாள அட்டை எண்ணையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு நீக்குங்கள்.

கேள்வி: சங்கத்தின் புலனக் (வாட்ஸ்அப்) குழு இணைப்பை அகப்பக்கத்தில் போட்டிருந்தோம். தெரியாத எண்கள் குழுவில் சேர்ந்து முதலீட்டு விளம்பரம் போடுகின்றன.

பதில்: பக்கத்திலிருந்து எடுத்தால் மட்டும் போதாது, பழைய இணைப்பு வேறு இடங்களில் நகலாக உலவும். குழுத் தகவலில் இணைப்பை 'ரீசெட்' செய்யுங்கள், பழையது செல்லாது. புதிய உறுப்பினரை நிர்வாகி அனுமதிக்க வேண்டும் என்ற அமைப்பை இயக்குங்கள். அகப்பக்கத்தில் இணைப்புக்குப் பதில் ஒரு சின்னப் படிவம் வையுங்கள்: பெயர், படித்த ஆண்டு, ஆறாம் ஆண்டு வகுப்பாசிரியரின் பெயர். கடைசிக் கேள்விக்கு முதலீட்டு வியாபாரியிடம் பதில் இருக்காது.